கறுப்புக் கோழிக்கு விட்ட சந்து

பிள்ளைகளே,

போன வாரம் என்னோடு ஸ்டேஷன் சரக்குக் கொட்டகையில் வேலை செய்கிறவரின் தாயார் இறந்துபோனார். நாம் எல்லோரும் துக்கம் கேட்கப் போனோம். வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்களாம்" என்றார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பசியாறினீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். ஒரு கோப்பை காப்பி வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தண்டவாளத்தோரமாக நடந்து வரும்போது பெரியவள் கேட்டாள்: "ஏம்பா, எல்லாரும் ஆறுதலா நாலு வார்த்தை சொன்னாங்க. நீங்க மட்டும் காப்பி குடுத்துட்டு வந்துட்டீங்களே?"

சின்னவன், "அப்பாவுக்குப் பேசத் தெரியாது" என்றான்.

பேசத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அன்றைக்கு நான் பேசாமல் வந்ததற்கு வேறு காரணம் உண்டு. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான்காவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

இது ஒரு அக்காவைப் பற்றியது. குளுவாங்கிலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில், ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவர் பெயரை எழுதப் போவதில்லை. கேட்காமல் எழுதுவது சரியில்லை, கேட்பதற்கு அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

உயரமானவர். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். வெளிக்காட்டு வேலை, அதாவது மண்வெட்டியோடு புல் வெட்டுகிற வேலை அவருக்கு. அவரிடம் எதையாவது கேட்டால் உடனே பதில் வராது. "பொறு, பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். உண்மையாகவே போய்ப் பார்ப்பார். மழை வருமா என்று கேட்டால் வாசலுக்கு வந்து நாலு பக்கமும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியல" என்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு இவ்வளவு சிரமப்படுகிற ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. யாராவது ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்து, "அப்படித்தானே அக்கா?" என்று கேட்டால், "நான் கண்டதைத்தான் சொல்வேன். அதை நான் காணல" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இதனால் அவரிடம் கதை பேச யாரும் வரமாட்டார்கள்.

ஒரு தடவை தோட்டத்துத் துரை லயம் பார்க்க வந்தார். கூடவே கணக்கு எழுதுகிற கிராணியும் வேலை வாங்குகிற கங்காணியும். வாசலுக்கு வாசல் நின்று கிராணி, "கூரை ஒழுகுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒழுகவில்லை என்று சொல்லும்படி கங்காணி முந்தின நாளே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். எல்லோரும் அப்படியே சொன்னோம். எங்கள் வீட்டில் அப்போது இரண்டு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. நானும்தான் ஒழுகவில்லை என்றேன்.

அக்கா, "பொறுங்க, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று உள்ளே போனார். துரையும் நின்றார். திரும்பி வந்து, "நாலு இடத்துல ஒழுகுது. அஞ்சாவது இடத்துல இப்பத்தான் ஆரம்பிக்குது" என்றார்.

கிராணி துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாசலுக்குத் திரும்பினார். அக்கா மறுபடி உள்ளே போய், மழைத்தண்ணீர் நிரம்பிய சட்டியைத் தூக்கிவந்து துரையின் சப்பாத்துக் காலுக்கு முன்னால் வைத்தார்.

"இதையும் இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றார் கிராணியிடம்.

அந்த வாரமே தகரம் வந்தது. எங்கள் வீட்டு ஓட்டையும் சேர்ந்து அடைபட்டது. அதற்காக என் அம்மா அவரைப் பாராட்டிவிடவில்லை. "அவளுக்கு வாய் ஒழுகும். அதனாலதான் கூரை ஒழுகுறது தெரிஞ்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்பதற்காக.

"ஒழுகின வாயாலதான் இப்ப உன் பாய் நனையாம இருக்கு" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

கோடி வீட்டுக்கு ஒரு மருமகள் வந்தாள். எல்லோரும் போய், மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்றார்கள். அக்கா பெண்ணை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காது பெரிசு. கை நல்லா உழைச்ச கை. உங்க பையனுக்கு இது கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். மாமியார் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த மருமகளோ எதைக் கேட்பதென்றாலும் அவரிடம்தான் கேட்பாள். "அக்கா சொன்னா அதோட முடிஞ்சுது. வீட்டுக்குப் போயி, என்ன அர்த்தத்துல சொன்னாங்கன்னு யோசிச்சுக்கிட்டு உட்கார வேணாம்" என்பாள்.

அவர் கணவர் சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போனவர். "வந்துடுவாரும்மா" என்று யாராவது சொன்னால், "வரமாட்டாரு" என்று முடித்துக்கொள்வார்.

எனக்கும் ஒரு கோபம் உண்டு. கோயில் திருவிழாவில் மேடையேறிப் பாடிவிட்டு, எப்படி இருந்தது என்று அவரிடம் போய்க் கேட்டேன். "ரெண்டாவது பாட்டுல சுருதி போயிருச்சு. அதுக்கப்புறம் உட்கார்ந்தே பாரு, அப்ப நல்லா இருந்தே" என்றார். நான் அதற்குப் பிறகு பாடியதில்லை. நீங்கள் என்னைப் பாடச் சொன்னால் நான் மாட்டேன் என்பதற்கு இதுதான் காரணம்.

இனி அம்மாவுக்கும் அவருக்கும் இருந்த சண்டையைச் சொல்ல வேண்டும். லயத்துக்குப் பின்னால், இரண்டு வீட்டுக்கும் நடுவில், பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு மண் உண்டு. கம்பெனி மண். அதில் அம்மா கீரையும் மிளகாயும் போட்டிருந்தாள். அக்கா ஐந்து கோழி வளர்த்தார். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

"அடியே, உன் கோழி என் கீரையைக் கிண்டுது."

"உன் கீரைன்னு எழுதி வை. படிச்சுட்டு வராம இருக்கும்."

அந்த ஐந்தில் ஒரு கறுப்புக் கோழி மட்டும் எங்கள் விறகுக் குவியலுக்குள் வந்து முட்டையிடும். அம்மா அந்த முட்டையை எடுத்துக்கொள்வாள்.

"முட்டையைக் குடு."

"என் விறகுல கிடந்தா என் முட்டை."

"அப்ப நாளைக்கு என் கோழி உன் தலையில உட்கார்ந்தா உன் தலை என்னுதா?"

காலையில் குழாயடியில் தொடங்கினால், வேலை முடிந்து வந்து விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். ஒரு நாள் சண்டைச் சத்தம் கேட்கவில்லை என்றால், யாருக்கு உடம்பு சரியில்லை என்று அந்தக் கோடி வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டு வருவார்கள்.

எனக்கு அப்போது இருபது வயது. அப்பா நான் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். வீட்டில் நானும் அம்மாவும்தான். இரண்டு பேருக்கும் பால்மரம் சீவுகிற வேலை. அந்த வருஷம் அடைமழை விட்டதும் லயத்தில் பலருக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. அம்மாவுக்கும் வந்தது. இரண்டு நாள் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கொடுத்த கசப்பு மருந்தைக் குடித்துவிட்டு, மூன்றாம் நாள் தேவலை என்றாள்.

அன்று விடியும் முன் நான் பெரட்டுக்குக் கிளம்பினேன். பெரட்டு என்றால் உங்களுக்குத் தெரியாது. வரிசையில் நின்று பெயர் கொடுத்தால்தான் அன்றைய வேலை. அம்மா பாயில் படுத்தபடியே, "இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போயேண்டா" என்றாள்.

"பெரட்டுக்கு நேரமாச்சும்மா. மத்தியானம் வந்துடுவேன்."

"சரி, போ" என்றாள்.

வெயில் ஏறி, நான் மரங்களில் பால் எடுக்கத் தொடங்கிய நேரத்தில், கங்காணி ஆள் அனுப்பினார். வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். அம்மாவை நேராகப் படுக்க வைத்திருந்தார்கள். சுவரோரம் அந்த அக்கா, ஒரு காலில் துணி சுற்றிக்கொண்டு, மடியில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. என்னைப் பார்த்ததும், "ரெண்டு வாய்தான் குடிச்சா" என்றார். இவள் என்ன பொம்பளை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் அத்தை என்று கூப்பிடுகிற ஒரு வயதான அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு, "உன் பேரைச் சொல்லிக்கிட்டே உசுரை விட்டாளேடா ராசா" என்று அழுதார். அடுத்து வந்தவர், "மூணு தரம் கூப்பிட்டாளாமே" என்றார். அதற்கடுத்தவர், "கண்ணை எடுக்காம வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாளாம்" என்றார். அடக்கம் செய்யப் போகிறபோது, நான் வேலை செய்த மலைக்காட்டுக்கு வருவதற்காக அம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள் என்பதுவரை வந்துவிட்டது.

அவர்களைக் குறை சொல்லவில்லை, பிள்ளைகளே. துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று அரிசி கொண்டுபோவதைப் போல, நம் ஜனங்கள் இந்த ஒரு வார்த்தையையும் கொண்டுபோகிறார்கள். செத்தவள் கடைசியில் உன்னைத்தான் நினைத்தாள் என்று பிள்ளைக்குச் சொல்வதை ஒரு கொடையாக நினைக்கிறார்கள். அன்று காலை அவர்கள் எல்லோரும் வேலைக்காட்டில் இருந்தவர்கள், யாரும் அம்மா பக்கத்தில் இல்லை என்பது எனக்கும் அப்போது தோன்றவில்லை.

ஒப்பாரியில் ஒருத்தி, "கேட்டவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுத்த கை" என்று எடுத்தாள். "யாருக்கு?" என்று அக்காவின் குரல் கேட்டது. சண்டைக்குக் கேட்டதாகத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. இரண்டு பெண்கள் அவரை எழுப்பி வெளியே கொண்டுபோய் விட்டார்கள். கருமாதி வரைக்கும் உள்ளே வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். நல்லது என்று நினைத்தேன்.

அதன் பிறகுதான் எனக்குக் கஷ்டம் தொடங்கியது.

மரம் சீவும்போது அம்மா கூப்பிடுவது கேட்கும். மூன்று தரம். திரும்பிப் பார்ப்பேன். கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே போய்விடும். பால்மரத்துக்கு அது காயம். அந்த இடத்தில் பிறகு முடிச்சு விழுந்து, சீவ முடியாமல் போகும். இருந்துவிட்டுப் போ என்று அவள் கேட்டாள், நான் போனேன், அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டாள் என்று மனசுக்குள் இதுவே சுற்றும். வீட்டின் முன்வாசல் வழியாக என்னால் போக முடியவில்லை. அவள் கண் அங்கேயே இருப்பது போல இருந்தது. பின்பக்கமாகச் சுற்றி வந்து உள்ளே நுழைவேன். சோறு இறங்கவில்லை.

கங்காணி ஒரு நாள் என் மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். "என்னடா இது, மரம் சீவினியா, ஆட்டுக்கறி வெட்டினியா? எலும்பு தெரியுது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தாயில்லாத புள்ளைன்னு பார்க்கிறேன். கருமாதி வரைக்கும் பொறுப்பேன். அதுக்கு மேல ஒரு மரம் காயமானாலும் கத்தியைப் புடுங்கிட்டு வெளியே அனுப்பிடுவேன். துரை என் கழுத்துல கத்தி வைப்பாரு, தெரியுமில்ல?"

அவர் அனுப்ப வேண்டாம், நானே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். கருமாதி முடிந்ததும் ரயிலேறி, என் பெயர் தெரியாத இடம் எதற்காவது போய்விடுவது. போய் என்ன செய்வேன் என்று யோசிக்கவில்லை. அந்தக் குரல் கேட்காத இடமாக இருந்தால் போதும் என்று இருந்தது.

கருமாதிக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம் வேலையிலிருந்து வந்து வழக்கம்போலப் பின்பக்கமாக நுழைந்தேன். கறுப்புக் கோழி எங்கள் விறகில் உட்கார்ந்திருந்தது. அம்மாவின் கீரைப் பாத்தி முழுவதும் கிண்டிக் கிடந்தது. எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. கல்லை எடுத்து வீசினேன். கல் பலகைச் சுவரில் போய் இடித்தது. கோழி கத்திக்கொண்டு பறந்தது. அக்கா வெளியே வந்தார்.

"கோழி என்ன பண்ணுச்சு?"

"உன் கோழியைக் கொன்னு போட்டுடுவேன்."

"கொன்னா குழம்பு வைக்கணும். உனக்கு வைக்கத் தெரியாது. என்ன விஷயம், அதைச் சொல்லு."

வயதில் மூத்தவர் என்பதையும் மறந்து கத்தினேன். "எங்கம்மா என் பேரைச் சொல்லிச் சொல்லிச் செத்தா. பக்கத்துல நீ ஒருத்திதான் இருந்தே. ஓடி வந்து எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்குக் கால் இல்லையா?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "மண்வெட்டி பட்டிருந்துச்சு. அதனாலதான் அன்னிக்கு வேலைக்குப் போகல. ஆனா நடக்க முடிஞ்சுது. கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்" என்றார். பிறகு, "உங்கம்மா உன்னைக் கூப்பிடல" என்றார்.

"பொய் சொல்லாதே."

சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. அவரை எத்தனையோ பேர் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அவர் கோபப்படவில்லை. விறகுக் கட்டையில் உட்கார்ந்தார்.

"நான் கண்டதைச் சொல்றேன். வேணாம்னா உள்ளே போயிடு."

நான் நின்றேன்.

"முட்டை கேட்டுச் சண்டை போடத்தான் வந்தேன். வந்தா, எந்திரிக்க முடியாமக் கிடக்கிறா. சரி, சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்னு கஞ்சி காய்ச்சிக் கொண்டாந்து குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சுட்டு, உப்புப் பத்தலன்னா. உனக்கு நாக்கு செத்துப் போச்சுன்னு நான் சொன்னேன். அப்ப அவளே ஆரம்பிச்சுட்டா. வேலி கட்டப் போறாளாம். என் கோழி ஒண்ணு கூட வரமுடியாதாம். 'இன்னிக்கே கட்டியிருப்பேன், இருடான்னு சொன்னேன், அந்தப் பய பெரட்டுக்கு ஓடிட்டான்'னு உன்னைத் திட்டினா."

"இருந்துட்டுப் போன்னு சொன்னது... அதுக்கா?"

"அதுக்குத்தான். அந்தா இருக்கே குச்சிக்கட்டு."

குளிக்கிற மறைப்புக்குப் பக்கத்தில், இடுப்பளவு குச்சிகள் ஒரு கட்டாகச் சாய்ந்திருந்தன. எதற்கு இவ்வளவு குச்சி சேர்த்து வைத்திருக்கிறாள் என்று காய்ச்சலுக்கு முந்தின வாரமே நான் நினைத்ததுண்டு. ஒரே நீளத்துக்கு வெட்டி, முனை சீவி, கொடியால் கட்டியிருந்தாள்.

"வேலி கட்டினா உனக்கு முட்டை வராதேடின்னு நான் கேட்டேன். அதுக்கு அவ, கறுப்புக் கோழிக்கு மட்டும் அடியில ஒரு சந்து விடுவேன்னா. அந்த ஒண்ணு நுழையுற அளவுக்கு. எப்படி இருக்கு பாரு நியாயம். நான் என் பக்கமிருந்து அடைச்சுடுவேன்னேன். 'அடைச்சுப் பாரு'ன்னா. அடைக்கத்தான் போறேன், பார்த்துக்கோன்னேன்."

அவர் நிறுத்தினார்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அதுக்கு அவ பதில் சொல்லல. இத்தனை வருஷத்துல நான் ஒண்ணு சொல்லி அவ பதில் சொல்லாம விட்டதே கிடையாது. கொஞ்ச நேரம் பார்த்தேன். பதில் வரல. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

கோழி திரும்பி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது.

"பயந்தாளா அக்கா?"

"இல்ல. கோவமா இருந்தா."

"வலிச்சுதா?"

"தலை வலிக்குதுன்னா. கை குளிருதுன்னா. உன் போர்வையை எடுத்துப் போட்டேன்."

"வாசலைப் பார்த்தாளா?"

"என்னைப் பார்த்தா. முறைச்சுக்கிட்டு."

"என்னைப் பத்தி வேற ஒண்ணுமே சொல்லலியா?"

மழை வருமா என்று கேட்டால் பார்ப்பாரே, அப்படி அண்ணாந்து பார்த்து யோசித்தார். "சொன்னா. நீ வேலி கட்டினா கோணலாத்தான் கட்டுவியாம். பக்கத்துல நின்னு பார்த்துக்கணும்னா."

அம்மா அப்படித்தான் சொல்லியிருப்பாள். அந்தக் குரல் கேட்டது எனக்கு. மலைக்காட்டில் கேட்ட குரல் வேறு. அது யாரோ ஒரு தாயின் குரல். அழுகிற குரல். இது என் அம்மாவின் குரல். நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. அவர் என்னைத் தேற்றவில்லை, தொடவும் இல்லை. முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கே ஏன்க்கா சொல்லல?"

"நீ கேக்கல. அப்புறம் அந்தப் பொம்பளைங்க என்னை உள்ளே விடல." கோழியைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார்: "எனக்கு ஒண்ணு இருந்துச்சு. ஆயாக் கொட்டகையில விட்டுட்டு வேலைக்குப் போனேன். வந்தப்ப இல்ல. அம்மா அம்மான்னு கூப்பிட்டுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஏழு மாசப் புள்ள. அதுக்கு ஒரு வார்த்தையும் வராது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பத்து வருஷமாக் கேக்குது."

அவர் எழுந்தார். விறகைத் தள்ளிக் கையை விட்டு, ஒரு முட்டையை எடுத்தார். "உங்கம்மா இல்ல. இனிமே இது எனக்குத்தான்."

"வைங்கக்கா. அது எங்க விறகு" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே முட்டையை வைத்துவிட்டு உள்ளே போனார். அன்று சோறு பொங்கி, அந்த முட்டையை அவித்து வைத்துக்கொண்டு இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அவர் கதையை எழுதிவிட்டு நான் கூட்டிச் சொன்னால் நன்றாக இருக்காது. அம்மா இரு என்று சொன்னாள், நான் இருக்கவில்லை. அது இருக்கிறது. ஆனால் அது நான் தூக்கக்கூடிய கனம்தான். மற்றவர்கள் அன்போடு ஏற்றி வைத்ததைத்தான் என்னால் தூக்க முடியவில்லை. மறுநாள் மரம் சீவியபோது கத்தி பட்டையைத் தாண்டவில்லை. கங்காணி வந்து பார்த்துவிட்டு, "ம், ஆட்டுக்கறி முடிஞ்சு போச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அக்கா அதற்குப் பிறகு இரண்டு வருஷம்போல அங்கே இருந்தார். அப்புறம் தங்கையின் தோட்டத்துக்குப் போவதாகச் சொல்லிக் கோழிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். "திரும்பி வருவீங்களாக்கா?" என்று கேட்டேன். "தெரியல" என்றார். நானும் பிறகு ரயில்வே வேலைக்கு வந்துவிட்டேன்.

பெரியவளே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அந்த மனிதரின் தாயார் இறந்தபோது நான் பக்கத்தில் இல்லை. அவர் பசியாறவில்லை என்பதை மட்டும்தான் நான் கண்டேன்.

அம்மாவின் கருமாதிக்கு மறுநாள் தோட்டத்தில் வேலை இல்லை. அத்தை வந்து கூட இருக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, தனியாகவே அம்மாவின் குச்சிக்கட்டை அவிழ்த்து, பாத்தியைச் சுற்றி வேலி கட்டினேன். கோணலாகத்தான் வந்தது. விறகுக் குவியல் பக்கமாக அடியில் ஒரு சந்து விட்டேன். கையை நுழைத்து, கறுப்புக் கோழி போகுமா என்று அளவு பார்த்துக்கொண்டேன்.

அடுத்த நாள் வெளுக்கிற நேரத்தில் பின்னால் போய்ப் பார்த்தேன். சந்தில் ஒரு தேங்காய் மட்டை இறுக்கமாகச் செருகியிருந்தது, அந்தப் பக்கத்திலிருந்து. நான் குனிந்து இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டி அதைப் பிடுங்கினேன். அவர் பக்கமே எறிந்தேன். பிறகு வீட்டுக்குள் வந்து, வாளியை எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகப் பெரட்டுக்குப் போனேன்.